ஞானரத்தினம் உயர்த்தி வைத்த வண்டி

ஞானரத்தினத்திடம் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் அவமானப்பட்டுத்தான் ஆகவேண்டும். “பின்னால இடது பக்கம் இறங்குது அண்ணாச்சி, கம்ப்ரஸர் போயிருக்கும்னு நெனைக்கேன்” என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், “நீரு நெனைக்கதெல்லாம் எனக்கு எதுக்கு? சாவியக் குடுத்துட்டு எதுத்தாப்ல போய் ஒரு டீ குடியும். நான் வண்டிகிட்டக் கேட்டுக்கிடுதேன்” என்பார். டாக்டரிடம் நோயாளி சொல்லும் பொய்யைவிட மெக்கானிக்கிடம் வண்டிக்காரன் சொல்லும் பொய் அதிகம் என்பது அவருடைய முப்பது வருஷத்து முடிவு. பள்ளத்தில் விட்டவன் விடவே இல்லை என்பான். போன வாரம் வேறொருவனிடம் கொடுத்துக் கெடுத்தவன், கைகூடப் படவில்லை என்பான். வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துச் சொல்கிற ஸ்கேனர் கருவியும் இந்த விஷயத்தில் மனுஷனுக்கு இளைத்ததில்லை என்பது அவர் கட்சி.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், கடைகள் ஓய்ந்து தென்னந்தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. சாதாரணக் கார் அங்கே வராது. வந்தாலும் பார்க்கமாட்டார். இரும்புச் சுருளுக்குப் பதிலாக நாலு சக்கரத்துக்கும் நாலு ரப்பர் பை வைத்து, பைக்குள் காற்றை அடைத்து, அந்தக் காற்றின்மேல் மிதக்கிற பெரிய வண்டிகளுக்குத்தான் அவர் வைத்தியர். இளவயதில் நூல் மில்லில் காற்றடிக்கிற கம்ப்ரஸர் அறையில் பதினாலு வருஷம் இருந்தவர். காற்று எங்கே ஒளியும், எங்கே ஓடும் என்று அங்கேதான் படித்தார். படிப்புக்குக் கூலியாக மில் அவருடைய காதுகளில் பாதியை எடுத்துக்கொண்டது. கசிகிற காற்றின் சன்னமான சீற்றம் அவருக்குக் கேட்காது. அதனால் கீழ் உதட்டை எச்சிலால் நனைத்துக்கொண்டு ரப்பருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோவார். உதடு சில்லென்றால் அங்கே ஓட்டை. பார்க்கிறவர்களுக்கு அவர் வண்டிக்கு முத்தம் கொடுப்பதுபோல் இருக்கும். டீக்கடை வல்லரசு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஞானரத்தினமும் சிரித்துக்கொள்வார்.

இப்படி யாரையும் நம்பாத மனிதர் ஒரே ஒருத்தி சொன்னதை மட்டும் மறுகேள்வி இல்லாமல் நம்பினார். அவர் மனைவி செலினா.

செலினா தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் மேசைக்குப் பொறுப்பாக இருந்தாள். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் சாயங்காலம் வந்துவிடுவாள். பிள்ளை இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் இரண்டே பேர். ‘நம்ம மனச நாமதான் பாத்துக்கிடணும்’ என்று அவள் சொன்னால், அதுதான் அந்த வீட்டுச் சட்டம். குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னால் நன்றாக இருக்கிறது. மழை வராது என்றால் வராது. ஞானரத்தினம் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

முதுகு வலிக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது, குனிந்து வெட்டுகிற வேலைக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று இருவரும் தைலம் தேய்த்தார்கள். ஒரு வருஷம் தேய்த்தார்கள். ஒரு நாள் காலையில் அவளால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஞானரத்தினத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மார்பில் தொடங்கிய புற்று முதுகெலும்புவரை போய்விட்டது, இனி உயிரைப் பிடித்து நிறுத்த வழியில்லை என்றார். “வலிய கொறைக்கலாம். பத்து நாள் ரேடியேஷன், அதான் கரண்ட், வச்சா நல்லாக் கொறையும். மிச்ச நாள் நிம்மதியா இருப்பாங்க” என்றார். அந்த ‘மிச்ச நாள்’ என்ற சொல்லை ஞானரத்தினம் வராந்தாவில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “ஒண்ணுமில்லட்டி, பத்து நாள் கரண்ட் வச்சா சரியாயிரும்” என்றார். செலினா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். இரண்டு பேரில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மதுரையிலேயே அறை எடுத்துத் தங்கலாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார். “ராத்திரி நான் என் கட்டில்ல படுக்கணும்” என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அப்படியானால் பத்து நாளும் போக எண்பத்தைந்து, வர எண்பத்தைந்து கிலோமீட்டர். முதல் தடவை படம் எடுக்கப் போனபோது வாடகைக் காரில்தான் கூட்டிப்போயிருந்தார். கிருஷ்ணன்கோவில் வேகத்தடையில் கார் ஏறி இறங்கியபோது செலினா ஒரு சத்தம் போட்டாள். மில்லில் பாதி காது போன மனிதருக்கு அந்தச் சத்தம் முழுதாகக் கேட்டது. அடுத்த தடவை ஆம்புலன்ஸ் வைத்தார்கள். அதன் அடியில் இருந்தது லாரிக்குப் போடுகிற இரும்புப் பட்டை ஸ்பிரிங். அழகாபுரி தாண்டுவதற்குள் அவளுக்கு மயக்கம் வந்துவிட்டது. திரும்பி வந்து படுத்ததும், “நான் வரலங்க. கரண்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். இங்கனயே கெடந்து போயிருதேன்” என்று அழுதாள். ஊரிலிருக்கிற பணக்காரர்களையெல்லாம் காற்றில் மிதக்கவிட்டவர், தன் பெண்டாட்டிக்கு ஒரு சொகுசு வண்டி இல்லாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி நினைவுக்கு வந்தது. வடக்கு மாடத் தெருப் பக்கம் ஜகந்நாதன் என்று ஒருவர், பாங்க்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் ஹரிப்ரசாத் பெங்களூரில் பழையதாக வாங்கி ஓட்டிய, காற்றுப் பை வைத்த பெரிய வெளிநாட்டு வண்டி, பதினைந்து வருஷத்துக்கு மேல் வயசானது, படுத்துவிட்டது என்று அப்பா வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து போட்டிருந்தான். இரண்டு வருஷமாகத் தூசி தின்றுகொண்டிருந்தது. ஞானரத்தினம் பஸ் ஏறிப் போனார். வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர், ஜகந்நாதன் வீட்டு வாசலில் நின்று அரைமணி நேரம் வண்டியைப் பற்றியே பேசினார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

ஜகந்நாதன் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். “ஞானரத்தினம், இதுக்குப் போய் இவ்வளவு நேரம் தயங்கலாமா? ஆம்படையாளை அழைச்சுண்டு போங்கோ. சாமான் என்ன வேணுமோ வாங்கிப் போடுங்கோ, ஹரிகிட்ட நான் சொல்லிக்கறேன். தாயார் பார்த்துப்பா” என்றார். ஞானரத்தினம் கைகூப்பிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

இழுவை வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தபோது அது நாலு காலையும் மடக்கிப் படுத்த மாடு மாதிரி டயரோடு டயராகத் தரையில் கிடந்தது. ஸ்கேனரை மாட்டினார். கம்ப்ரஸர் கெட்டுவிட்டது என்று அது அடித்துச் சொன்னது. அதை நம்பி வேறு கம்ப்ரஸர் மாட்டினால் ஒரே மாதத்தில் அதுவும் கருகும் என்று ஞானரத்தினத்துக்குத் தெரியும். எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டைக்காக இது ஓயாமல் காற்றடித்துச் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஊரில் உழைக்கிறவன்மேல்தானே பழி விழும். ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கி, பைகளில் தூரிகையால் தடவி, உதட்டை நனைத்துக்கொண்டு வண்டிக்கடியில் போனார். பின்பக்க இடது பையில் ரப்பர் மடிகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு. காற்றைப் பிரித்துவிடும் வால்வுப் பெட்டியில் ஒரு வாய் மூடாமல் சிக்கி நின்றது. முன்பக்க வலது சக்கரத்தில், வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து சொல்லும் சென்சாரின் சின்னக் கை துருப்பிடித்து இறுகியிருந்தது. அது காட்டிய பொய் உயரத்தைத்தான் இத்தனை நாளும் கம்ப்யூட்டர் மெய்யென்று நம்பிக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து பையை வரவழைத்து, வால்வைக் கழற்றிக் கழுவி, சென்சாரை மாற்றி, மூன்று நாளில் வண்டியை எழுப்பினார். கடைசி வேலை உயரம் சொல்லிக்கொடுப்பது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாலு பக்கமும் அளந்து, அந்த அளவை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டும். ‘நீ இப்போது நிற்பது இந்த உயரம்’ என்று நாம் சொல்கிறதை வைத்துத்தான் மேலே போகவேண்டுமா கீழே இறங்கவேண்டுமா என்று அது முடிவுசெய்யும். அதற்குத் தரை மட்டமாக இருக்கவேண்டும். கொட்டகைத் தரையோ கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக வாட்டமாகப் போட்டது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயைப் பிடித்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் பலகையும் தகடும் கொடுத்து, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை ஞானரத்தினம் ஓயவில்லை. அளவைப் போட்டதும் வண்டி முதலில் பின்னால், பிறகு முன்னால் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தது. மட்டமாக நின்றது. அவர் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் செலினாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வால்வு சிக்கிய கதை, சென்சார் பொய் சொன்ன கதை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் படுத்த நாலு மாதத்தில் அந்த வீட்டில் மாத்திரையும் மருந்தும் இல்லாத பேச்சு அன்றுதான் நடந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி கஞ்சி கொண்டுவந்தவள், இவர்கள் பேச்சில் நுழைய மனசில்லாமல் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டு, தலை முன்பக்கமும் கால் பின்பக்கமுமாக செலினாவைப் படுக்கவைத்தார்கள். அவள் இடுப்பு சரியாகப் பின்சக்கரங்களுக்கு மேலே வந்தது. துணைக்கு வெங்கடேஸ்வரி பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். ஞானரத்தினம் ஓட்டினார். கிருஷ்ணன்கோவில் வேகத்தடை வந்ததும் வேகத்தைக் குறைத்தார். வண்டி ஏறி இறங்கியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

“வலிச்சுதாட்டி?”

“இல்லங்க. தொட்டில்ல போட்ட மாதிரி இருக்கு” என்றாள் செலினா. சொல்லும்போதே அவள் சிரித்தாள் என்று கண்ணாடியில் தெரிந்தது. ஞானரத்தினம் அழுதுகொண்டே கல்லுப்பட்டிவரை ஓட்டினார்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. நாலுவழிச் சாலை வேலைக்காக வண்டிகளை ஒரு கிராமத்துக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் மொத்தமாகச் சிமெண்டைக் கொட்டி, கோயில் படி உயரத்துக்கு ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வண்டியின் பின்பக்க அடிவயிறு அதில் கர்ரென்று உரசியது. செலினாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஞானரத்தினத்துக்கு ஈரக்குலை நடுங்கியது. நாளைக்கு இதைவிட உயரமாக ஒன்று இருந்தால், உரசுகிற இடத்தில் இடித்தால், அவள் முதுகு என்னாகும்?

வீட்டில் அவளைப் படுக்கவைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். புத்தகம் சொல்கிற உயரத்தைவிடப் பின்பக்கத்தை மட்டும் இருபது மில்லிமீட்டர் உயர்த்தி வைத்தார். அதற்கு ஒன்றும் கழற்றவேண்டாம். பின்சக்கரங்களின் அளவைச் சொல்லும் இடத்தில், இருப்பதைவிட இருபது குறைத்துச் சொன்னால் போதும். ‘ஐயோ தாழ்ந்துவிட்டோமே’ என்று வண்டி தானாக எழும்பிக்கொள்ளும். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவனை அந்தக் கொட்டகையிலேயே வைத்துக் கிழித்திருப்பார். புத்தகம் எழுதியவனுக்கு நம்ம ஊர் வேகத்தடை தெரியுமா என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் நாள் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் கேட்டார்.

“இன்னைக்கு எப்படி இருக்கு? பின்னால செத்த ஒசத்தி வச்சிருக்கேன்.”

பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தார்.

“நேத்தைக்கு இருந்ததவிட நல்லாருக்குங்க” என்றாள் செலினா.

அவ்வளவுதான். அந்த அளவை அவர் பிறகு தொடவே இல்லை. மிச்ச எட்டு நாளும், போகும்போதும் வரும்போதும், வேகத்தடைக்கு வேகத்தடை வலிக்குதா என்று கேட்டார். அவளும் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றாள். ஒன்பது நாளில் ஒரு முனகல் அவர் காதில் விழவில்லை.

கரண்ட் வைத்தபிறகு அவளுக்கு வீட்டில் வலி குறைந்தது உண்மை. டாக்டர் சொன்ன சொல் வீண்போகவில்லை. தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். வெங்கடேஸ்வரியின் மகளுக்கு ஒரு பாவாடை வெட்டிக் கொடுத்தாள். ஐந்து வாரம் அப்படி இருந்தாள். ஒரு புதன்கிழமை விடிகாலையில் தண்ணீர் கேட்டாள். ஞானரத்தினம் எடுத்துவருவதற்குள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே சேதியைச் சொன்னார். “பத்து நாள் மதுரைக்குப் போய் வந்தாளே, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஆத்தான்னு சொல்லல. வண்டிய அப்படி வச்சிருந்தேன்.” பாஸ்டரிடம் சொன்னார். மில்லில் கூட வேலை பார்த்த கருத்தையாவிடம் சொன்னார். அவரும் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒம்ம கைக்கு அவ குடுத்து வச்சவ” என்றார். நாற்பதாம் நாள் ஜெபத்தில் சாட்சி சொல்ல எழுப்பியபோதும் இதைத்தான் சொன்னார். கட்டின பொண்டாட்டியைக் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் தனக்குத் தெரிந்த ஒரே வேலையால் அவளைக் காற்றில் ஏந்திக்கொண்டு போய் வந்தோம் என்ற நினைப்பு இருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் காலையில் எழுந்தார், சாப்பிட்டார், கொட்டகையைத் திறந்தார்.

வண்டியைக் கழுவித் துடைத்து ஜகந்நாதனிடம் ஒப்படைத்தார். ஆடிப்பூரத் தேருக்கு ஹரிப்ரசாத் மனைவி அனுக்ரஹாவோடும் கைக்குழந்தையோடும் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். தேர் முடிந்து இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது.

“அங்கிள், வண்டி சூப்பரா நிக்குது. ஆனா பின்னாடி உக்காந்தா ஏதோ இடிக்குதுன்னு அனுக்ரஹா சொல்றா. குழந்தை தூங்கினா முழிச்சுக்கறான்.”

“வாய்ப்பே இல்ல தம்பி” என்றார் ஞானரத்தினம். குரல் சட்டென்று ஏறிவிட்டது. “எங்க வீட்ல அவ அந்தப் பின்பக்கத்துலதான் பத்து நாள் படுத்துட்டு வந்தா. எலும்பெல்லாம் நோவு கண்டவ. அவளுக்குத் தெரியாத இடி இவியளுக்கு எப்படித் தெரியும்?”

ஹரிப்ரசாத் மரியாதை தெரிந்த பையன். “நீங்க சொன்னா சரி அங்கிள்” என்றான். அந்தச் ‘சரி’ ஞானரத்தினத்தை இருக்கவிடவில்லை. மறுநாள் மத்தியானம் ஸ்கேனரைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

வாசலில் அனுக்ரஹா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னாள்: “வேகத்தடையில ஏறும்போது ஒண்ணும் இல்ல அங்கிள். இறங்கும்போதுதான். முன்சீட்டுல உக்காந்தா தெரியவே இல்ல.”

ஏறும்போது இல்லை, இறங்கும்போது. ஞானரத்தினம் பின்கதவைத் திறந்தார். பின்சீட்டை மடக்கினார். ஏறி, தலையை முன்பக்கம் வைத்து, வெறும் பலகைமேல் மல்லாந்து படுத்தார். அந்த வண்டியை அவர்தான் பிரித்தார், அவர்தான் பூட்டினார், ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் அவர்தான் ஓட்டினார். ஓடுகிற வண்டியில் அந்த இடத்தில் அவர் படுத்தது அதுதான் முதல் தடவை.

“ஓட்டுங்க தம்பி. கிருஷ்ணன்கோவில் பக்கம் போங்க.”

சாலை சீராக இருந்த வரையில் ஒன்றும் இல்லை. முதல் வேகத்தடை வந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது, பூப்போல. பின்சக்கரம் ஏறியது. இறங்கியபோது அடியிலிருந்து ணங்கென்று ஒரு இடி எழும்பி அவர் இடுப்பெலும்பில் இறங்கி முதுகு முழுக்க ஓடியது.

நல்ல முதுகுக்கே வலித்தது.

அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் அப்சார்பர் கீழ்நோக்கி நீள்கிறது. நீள்வதற்கு ஒரு கணக்கு உண்டு. பின்பக்கத்தை உயர்த்தி வைத்தால் நிற்கும்போதே அது பெரும்பாலும் நீண்டுவிடும், மிச்சம் நீள இடம் போதாது. கடைசியில் போய் இரும்பு இரும்போடு இடிக்கும். பதினைந்து வருஷப் பழைய வண்டியில் நடுவில் இருக்கவேண்டிய ரப்பரும் தேய்ந்துபோயிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொன்னால்கூட விளங்கும் விஷயம். அடிவயிறு உரசுமே என்று பயந்த பயத்தில் வண்டி மேலே எழும்புவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார், சக்கரம் கீழே இறங்குவதைப் பார்க்கவில்லை. உரசல் என்பது வெறும் சத்தம். இதுதான் இடி. முதல் நாள் வண்டி சரியாக இருந்தது. அவள் தொட்டில் என்று சொன்னது நிஜம். இரண்டாம் நாளிலிருந்து இந்த இடியை இருபது மில்லிமீட்டர் உயர்த்தி அவள் முதுகுக்கு அடியில் வைத்தது அவர் கை.

“திருப்புங்க தம்பி” என்றார்.

ஹரிப்ரசாத் திருப்பினான். அதே வேகத்தடை, அதே இடி. “இன்னொருக்க.” மறுபடியும் இடித்தது. “இன்னொருக்க.” ஐந்தாம் தடவை பையன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஞானரத்தினம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார். “போதும் அங்கிள், எந்திரிங்க” என்றான் அவன் பயந்துபோய்.

ஜகந்நாதன் வீட்டு ஷெட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தரை மட்டமாகவே இருந்தது. நாலு பக்கமும் அளந்து ஸ்கேனரை மாட்டி உள்ள அளவை உள்ளபடியே சொன்னார். பின்பக்கம் மெல்லக் காற்றை விட்டுக்கொண்டு இறங்கி மட்டமாயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் ஆகியிருந்தது. மறுபடியும் பின்னால் ஏறிப் படுத்தார். வேகத்தடையில் ஏறினார்கள், இறங்கினார்கள். தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. “இப்ப பர்ஃபெக்ட் அங்கிள்!” என்று ஹரிப்ரசாத் முன்னாலிருந்து சந்தோஷமாகக் கத்தினான்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெயில் சாயவில்லை. வெங்கடேஸ்வரி குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். ஞானரத்தினம் பையைக்கூட இறக்காமல் நேராக அவளிடம் போனார்.

“யம்மா, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லு. வண்டியில அவளுக்கு வலிச்சுதா?”

வெங்கடேஸ்வரி குடத்தைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“சத்தியம் வாங்கிட்டாண்ணே. நான் என்ன செய்ய?”

“வலிச்சுதா?”

“மொத நாளு இல்ல. பொறவு எல்லா நாளும் வலிச்சுது. சேலைத் தலைப்பச் சுருட்டி வாயில வச்சிக் கடிச்சுக்கிடுவா. ஒரு கையால என் கைய இறுக்கிக்கிடுவா. நீங்க முன்னாலருந்து கேப்பீக. தலைப்ப எடுத்துட்டு இல்லங்கம்பா, திரும்ப வச்சிக்கிடுவா. எனக்கு மனசு கேக்கலண்ணே. அண்ணன்ட்ட சொல்லுவோம்க்கான்னு எம்புட்டோ சொன்னேன்.”

“ஏன் சொல்லல?” அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“‘ஏட்டி, அந்த மனுசன் நாலு மாசமா என் மூஞ்சிய நிமிந்து பாக்க மாட்டாம கெடந்தாவ. வண்டிய எழுப்பின அன்னைக்குத்தான் வாய்விட்டுப் பேசினாவ. இப்ப ஒசத்தி வச்சிருக்கேன்னு ஆசையாச் சொல்லுதாவ. அது வலிக்குன்னு நான் எப்படிட்டிச் சொல்ல? சொன்னா வேற வழியும் இல்லையே, ஒடஞ்சு போயிருவாவளே’ன்னா. வேற வழி இல்லன்னுதாண்ணே அவ நெனச்சா. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

ஞானரத்தினம் குழாயடித் திண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடத்துக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரி அதை நிறுத்தவில்லை.

“பத்து நிமிச வேலம்மா அது” என்றார் அவர்.

அவளுக்கு விளங்கவில்லை. “என்னதுண்ணே?” என்றாள்.

“பத்து நிமிச வேல. ஒரு தடவ வலிக்குன்னு சொல்லிருந்தா, பத்து நிமிசத்துல எடுத்திருப்பேன்.”